தவளை உட்காராத இடம்

பூகோளம் ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்தது கிடையாது. உட்காருவார். டீ வரும். டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவார். கதவை ஆட்டிப் பார்த்துக் கீல் தளர்ந்திருக்கிறது என்பார். அலமாரிக்கு அடியில் குனிந்து என்னவோ தேடுவார். விருந்தாளியாகப் போன வீட்டிலும் இதே கூத்துதான். "மாமா வந்துட்டுப் போனாலே நாம வீட்டைக் காலி பண்ணப்போற மாதிரி இருக்கு" என்று அவருடைய மச்சான் சொல்லிச் சிரிப்பான்.

தொழில் அப்படி. வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் கட்டி, ஏற்றி, இறக்கிக் கொடுக்கிற வேலை. மீசை முளைக்கிற வயதில் மூட்டை தூக்க வந்தவர், இப்போது ஆட்களை வைத்து வேலை வாங்குகிறார். ஊரில் பாதிப் பேருடைய கட்டிலும் பீரோவும் அவர் முதுகில் ஏறி இறங்கியவைதான். ஆனால் அவர் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அதே வீட்டில், அதே இரண்டு அறையில், அதே ஒழுகுகிற குழாயோடு இருந்தார்.

பூகோளம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் சேர்த்து வைத்திருக்கிற சாமானைப் பார்த்து வண்டி டிரைவர் வைத்த பெயர் இது. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார்தான் அவரை அதிகமாக வெளியே நிறுத்தினார்.

வீடு காலி பண்ணுகிற அன்றைக்கு எல்லா வாசலிலும் ஒரு குவியல் சேரும். கொண்டுபோகவும் இடமில்லாமல், தூக்கி எறியவும் மனசில்லாமல் விட்ட சாமான்கள். கை ஒடிந்த பொம்மை, ஒற்றைச் செருப்பு, மூடி தொலைந்த ஜாடி. கட்டி ஒட்டின பெட்டியைத் திறக்கக் கூடாது. குவியலில் கிடப்பதைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. தொழிலில் இவை இரண்டும் சட்டம். பூகோளம் இரண்டையும் மீறினதில்லை. ஆனால் குவியலைக் கண்டால் கை சும்மா இருக்காது. கிளறுவார்.

அப்படிக் கிளறும்போதுதான் முதல் பெட்டி கிடைத்தது. அந்தக் காலத்தில் குழந்தைகள் விளையாட்டாகவே தேசங்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பொருள் செய்து விற்றிருக்கிறார்கள். அச்சடித்த நிலப்படத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, வண்ணம் பூசி, எல்லைக்கோட்டு மேலேயே ரம்பத்தை ஓட்டி நாடு நாடாக அறுத்து, மரப்பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். பிள்ளை துண்டுகளைத் தரையில் கொட்டி உலகத்தைச் சேர்க்க வேண்டும். கடலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். பூகோளம் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனாலும் சேர்த்துவிட்டார். அத்தனை நேரம் அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மனைவி, உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதோடு விடவில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பீரோ மேல் பெட்டி, அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டி. அவள் வீட்டிலேயே துணி திருத்திக் கொடுக்கிறவள். கால்சட்டை நீளம் குறைப்பாள், சட்டை இடுப்பைப் பிடிப்பாள். வாடிக்கைக்காரர்கள் உட்காரவேண்டிய பெஞ்சில் தேசங்கள் உட்கார்ந்திருக்கும். "கொஞ்சம் நில்லுங்க, இந்தத் தீபகற்பத்தை நகர்த்திடுறேன்" என்று அவளே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு துண்டையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் பிள்ளைகள் பென்சிலால் கிறுக்கியிருக்கும். சிலதில் ஓரத்தில் பல் தடம் இருக்கும். எந்தக் குழந்தையோ யோசித்துக்கொண்டே கடித்தது. மற்ற சேகரிப்பாளர்கள் பல் பட்ட துண்டைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். பூகோளத்துக்கு அதுதான் உயிர். "பாரு, பால்பல்லு" என்று மனைவியிடம் காட்டுவார். "நம்ம பொண்ணு உங்க தோள்ல கடிச்சப்போ இவ்வளவு சந்தோஷப்படலியே" என்பாள் அவள்.

எல்லாப் பெட்டிக்கும் மேலே ஒன்று இருந்தது. ஒரு பழைய டாக்டர் வீட்டைக் காலி செய்தபோது குவியலில் கிடைத்த பெரிய உலகப்படம். கடல்கூட ஒரு துண்டு குறையாமல் இருந்தது. நட்டநடுவில் மட்டும் ஒரு துண்டு இல்லை. கடல் தொடாத ஒரு சின்ன தேசம். பள்ளத்தைப் பார்த்தால் தவளை குந்தியிருக்கிற மாதிரி இருக்கும். அதனால் அதற்குத் தவளை என்றே பெயர் ஆகிவிட்டது. அந்த நாடே இப்போது கிடையாது. எந்தப் போரிலோ அக்கம்பக்கத்துக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்களாம்.

"இல்லாத நாட்டைத் தேடிக்கிட்டு, இருக்கிற வீட்டை மறந்துட்டுத் திரியிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி.

தேடினார். டாக்டர் வீட்டுக் குவியலைச் சல்லடை போட்டுச் சலித்தார். பலகைத் தரையின் இடுக்கில் கம்பி விட்டுப் பார்த்தார். வீட்டை இடிக்கிறவர்கள் வந்தபோது அவர்களோடு நின்று புழுதி தின்றார். டாக்டரின் சாமான்கள் பிள்ளைகளுக்குப் பிரிந்து மூன்று ஊருக்கு மூன்று வண்டியில் போயிருந்தன. அந்த வண்டிகளை ஏற்றி அனுப்பியவரும் இவர்தான். அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

படத்தைக் கூடத்து மூலையில் ஒரு பலகைமேல் சேர்த்தபடியே வைத்திருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் ஒருதரம் வைத்துப் பார்ப்பார். வந்ததும் வைத்துப் பார்ப்பார். சாப்பாட்டுத் தட்டில் கை அலம்பியதும் வைத்துப் பார்ப்பார். விழுந்த பல்லின் இடத்தை நாக்கு சும்மா விடாது பாருங்கள், அந்த மாதிரி.

இன்னொரு தவளை இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். அதுதான் இன்னும் பெரிய இம்சை.

முக்குச் சந்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவரிடம் இதே உலகப்படம் இருந்தது. அதே பெட்டி, மூடியில் அதே கப்பல் படம். கண்ணாடிக்காரர் பூகோளத்தைவிடக் கொஞ்சம் மூத்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு நையாண்டி. பூகோளம் வேலை முடிந்து அங்கே போவார். அந்தக் கடையிலும் உட்கார மாட்டார். கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். இவர் தன் படத்தைப் பற்றிப் பேசுவார், அவர் தன் படத்தைப் பற்றிப் பேசுவார். ஆனால் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்ததில்லை.

"உங்களுது முழுசா இருக்காண்ணே?"

"கிட்டத்தட்ட. உன்னுது?"

"கிட்டத்தட்ட."

அதற்கு மேல் கேட்கக் கூடாது. எத்தனை துண்டு இல்லை என்று ஒரு சேகரிப்பாளரைக் கேட்பது, வாயில் எத்தனை பல் போச்சு என்று கேட்பதைப் போல. ஆனால் தவளை இல்லாததைப் பூகோளம் ஒருநாள் வாய்தவறி உளறிவிட்டார். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கி, "என்கிட்ட இருக்கே. வெளிர் மஞ்சள். அழகா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். காட்டக்கூட இல்லை.

கேட்டுப் பார்த்தார். மூன்று பெட்டி தருகிறேன் என்றார். தீவுகள் மட்டுமே உள்ள அபூர்வமான படத்தைத் தருகிறேன் என்றார். "யோவ், எடுத்துக் கொடுத்தா என் படத்துல பள்ளம் விழும். உன்னுது நிறைய, என்னுது குறையவா? போய்யா" என்று விரட்டினார் கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக்காரர் கடையை எதிர்ச்சாரிக்கு மாற்றியபோது சாமான் தூக்கியது பூகோளத்தின் ஆட்கள்தான். அந்தப் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பூகோளமே வண்டியில் போனார். சுற்றிலும் ஒட்டியிருந்தது. ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தது. தவளை இந்தச் சத்தத்தில் இருக்கிறது. நகத்தால் அந்த ஒட்டுத்தாளை ஒரு கீறு கீறினால் போதும். "என்னண்ணே, பச்சைப் பிள்ளையை வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்கீங்க" என்று டிரைவர் கேட்டான். "வண்டியைப் பார்த்து ஓட்டுடா" என்றார். பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து குட்டி போட்ட பூனை மாதிரி இரண்டு அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

இந்த நிலைமையில்தான் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மகளும் மாப்பிள்ளையும் தூரத்துப் பெரிய ஊரில், அடுக்குமாடியில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் வேலை. மகள் போன் செய்தாள்.

"அப்பா, ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கப்பா. ஒரு ரூம் உங்களுக்குன்னே காலியா வச்சிருக்கேன். எனக்கு லீவு முடியப்போகுது, நான் யாரை நம்பி விட்டுட்டுப் போவேன்?"

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம்னா என்னப்பா அர்த்தம்?"

"பார்க்கலாம்னுதான் அர்த்தம்" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டார். அது ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மனைவிக்குப் போக வேண்டும். பேரப்பிள்ளைகள் மடியில் புரள வேண்டும் என்று அவள் துடித்தாள். இவருக்குத்தான் பயம். அந்த அடுக்குமாடியை ஒருதரம் பார்த்திருந்தார். லிப்டில் ஏறினால் வீடு, லிப்டில் இறங்கினால் சாலை. நடுவில் ஒரு சோபா. அங்கே அவர் என்ன செய்வார்? ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற கார்களை எண்ணுகிற கிழவராக ஆகிவிடுவார். சாமான் இல்லை, கயிறு இல்லை, குவியல் இல்லை.

இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால்தான் ஒரு வாக்கைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஒருநாள் அவள் இருட்டில் தண்ணீர் எடுக்கப் போய் ஏதோ ஒரு தேசத்தின் கூர்முனையை மிதித்துவிட்டாள். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் குப்பையோட குடித்தனம் பண்ணணும்? மகள் கூப்பிடுறா, காது கேட்கலையா?" என்று கத்தினாள்.

"கேட்குது, கேட்குது. அந்தத் தவளை மட்டும் கிடைக்கட்டும். அதோட இந்தச் சேகரிப்புக்கே ஒரு கும்பிடு. மறுநாளே நீ சொல்ற ஊருக்கு வர்றேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"பொண்ணு மேல ஆணையா?"

"அட, ஆமாங்கிறேன்ல."

கண்ணாடிக்காரர் உயிரே போனாலும் கொடுக்க மாட்டார் என்கிற தைரியம். வாக்கும் கொடுத்த மாதிரி ஆச்சு, ஊருக்கும் போகவேண்டாம். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போனார்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டில் அட்டைப்பெட்டிகள் முளைத்தன. பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுக்கினாள். கட்டுகிற விதம் தப்பு. கண்ணாடிச் சாமானை அடியில் வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிற மனுஷன், தன் வீட்டில் தப்பாகக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தார். போய்த் திருத்தினால் போவதற்குச் சம்மதம் என்று ஆகிவிடும். திருத்தாமலும் இருக்க முடியவில்லை. அவள் கடைக்குப் போன நேரத்தில் ஒரு பெட்டியைப் பிரித்து ஒழுங்காகக் கட்டி வைத்தார். அவள் வந்து பார்த்தாள். வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறவள் அப்படித்தான் மூடுவாள்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை இல்லாத நாட்களில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினார். பார்த்த கடையையே திரும்பப் பார்த்தார். "தலைவரே, போன வாரம் பார்த்ததுதான் இருக்கு, அது குட்டி போடாது" என்று கடைக்காரர் சொன்னார். தவளை கிடைக்கக் கூடாது என்றுதான் வாக்குக் கொடுத்தார். ஆனால் கை அதைத் தேடுவதை நிறுத்தவில்லை. கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துப் பாதி வழியில் திரும்புவார். கிடைக்கவில்லையே என்று நினைத்து மறுபடி அதே கடைக்குப் போவார். வேலையில் கவனம் போயிற்று. ஒரு வீட்டுப் பீரோவைத் தலைகீழாக ஏற்றிவிட்டு, "அண்ணே, அவங்க துணியெல்லாம் இப்ப சிரசாசனம் பண்ணுது" என்று டிரைவர் சொன்ன பிறகுதான் பார்த்தார்.

ஒருநாள் கண்ணாடிக்காரர் கடையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"வாய்யா பூகோளம். உன் வீட்டம்மா வந்திருந்தாங்க."

"கண்ணாடி போடவா?"

"எனக்குப் போட்டுவிட. அந்த நாற்காலியில உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாங்க. 'உங்க தவளையால நான் என் பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியலை'ன்னாங்க. என் தவளையால! நான் என்னய்யா பண்ணினேன்?"

பூகோளம் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே உள்ள சின்ன எழுத்து தெரியவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கொடுத்தா அவன் ஊரை விட்டுப் போயிடுவானேன்னு சொன்னேன்." கண்ணாடிக்காரர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே பளிச்சென்றுதான் இருந்தது. "போகட்டும்னு சொன்னாங்க. சரி, போ. நாளைக்கு மத்தியானம் பெட்டியோட வர்றேன். நானே என் கையால வைக்கிறேன். உன் பள்ளத்தையும் ஒருதரம் பார்த்த மாதிரி இருக்கும்."

மறுநாள் காலையிலிருந்து பூகோளத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலகையைத் துடைத்தார். ஜன்னலைத் திறந்தார், வெயில் படும் என்று மூடினார். "ஒரு எடத்துல நில்லுங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. அவளும்தான் காலையிலிருந்து ஒரே கால்சட்டையைத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் வந்தார். பெட்டியை மேஜைமேல் வைத்து மூடியைத் தள்ளினார். பூகோளம் எட்டிப் பார்த்தார். பெட்டியில் பாதிகூட இல்லை. கடல் என்று ஒன்றிரண்டு நீலத் துண்டுகள். ஒரு கண்டம் மொத்தமாகக் காணோம்.

"அண்ணே, கிட்டத்தட்டன்னீங்களே?"

"கிட்டத்தட்டப் பாதி. போதுமா? வாயை மூடிக்கிட்டு இதைப் பிடி."

வெளிர் மஞ்சள். கட்டைவிரல் அளவு. பூகோளம் அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பினார். தவளையின் முதுகோரத்தில், ஆழமாக, வரிசையாக நாலு பல் தடம். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

வைத்தார். உட்காரவில்லை.

திருப்பி வைத்தார். தலைப்பக்கம் இறங்கியது, முதுகுப்பக்கம் தூக்கிக்கொண்டது. முதுகை அழுத்தினால் தலை எழும்பியது. லேசாகத் தட்டினார். ஒரு நூல் அளவுதான். அந்த ஒரு நூல் இடம் கொடுக்கவில்லை.

"தள்ளுய்யா, உனக்கு வைக்கத் தெரியலை" என்று கண்ணாடிக்காரர் வாங்கி வைத்தார். அவருக்கும் உட்காரவில்லை. நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பள்ளத்தைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், மறுபடி பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அச்சு ஒண்ணுதான்யா. கோடு ஒண்ணுதான். ஆனா கையால அறுத்திருக்கான். உன்னுதை ஒரு தடவை, என்னுதை ஒரு தடவை. அவன் கை ரெண்டு தடவையும் ஒரே மாதிரியா போகும்?"

"ஒரே துணிதான், ரெண்டு தடவை வெட்டினது" என்றாள் மனைவி மெதுவாக. "இந்தச் சட்டைக் கையை அந்தச் சட்டையில தைச்சா எப்படி இருக்கும்?"

மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் இரண்டு பேரும் படத்தைக் காட்டாமலே பெருமை பேசியிருக்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். பூகோளத்துக்கு வரவில்லை.

மனைவிக்கும் வரவில்லை. உள்ளே போய் ஓர் உப்புத்தாளை எடுத்துவந்தாள்.

"தேய்ங்க. முதுகுப் பக்கம் ஒரு நூல்தானே. தேய்ச்சா இறங்கிடும்."

பூகோளம் உப்புத்தாளை வாங்கிக்கொண்டார். தவளையை இடது கையில் பிடித்தார். தேய்க்கவேண்டிய இடம் பல் தடம் இருக்கிற இடம். அங்கே மட்டும்தான் தூக்குகிறது. உப்புத்தாளை வைத்தார். எடுத்தார். வைத்தார். எந்த வீட்டுப் பிள்ளையோ, இந்த நாடு எங்கே போகும் என்று தெரியாமல், வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு யோசித்திருக்கிறது.

"முடியலை" என்றார்.

"முடியலையா, மனசில்லையா?"

"மனசில்லை."

அவள் உப்புத்தாளை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். "அப்போ நீங்க வரப்போறதில்லை" என்றாள். கேள்வி மாதிரி சொல்லவில்லை. மெஷினில் போய் உட்கார்ந்து அந்தக் கால்சட்டையை எடுத்தாள். மெஷின் ஓடவில்லை.

கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "உன் சொந்தத் தவளை எங்கயோ இருக்குய்யா. இந்த ஊர்ல இல்லை. இந்த ஊர்ல உன் கை படாத சாமான் எது? அந்த டாக்டர் சாமான் மூணு வண்டியில போச்சுன்னு சொன்னியே. அதுல ஒரு வண்டி உன் மகள் இருக்கிற ஊருக்குத்தானே போச்சு?"

பூகோளம் கண்ணாடிக்காரரைப் பார்த்த பார்வையில் அந்த மனுஷன் எரிந்து போகாதது ஆச்சரியம்.

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "எந்த ஊருக்கு?"

"அது... எப்பவோ போனது."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா கிளம்புன்னு சொல்லுவே."

"தவளைதான் வேணும்னா என்னைக்கோ கிளம்பியிருப்பீங்களே. எதுக்கு பயப்படுறீங்க?"

பூகோளம் எங்கேயாவது நகர வழியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் அட்டைப்பெட்டிகள், ஒரு பக்கம் கண்ணாடிக்காரரின் கால், முன்னால் படம். வேறு வழியில்லாமல் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். "அங்க வந்து நான் என்ன பண்றது? சோபாவுல உட்காரவா? எனக்கு உட்காரத் தெரியாதே."

மனைவி கால்சட்டையைக் கீழே வைத்தாள்.

"உங்களை உட்காரச் சொன்னது யாரு? உட்கார்ந்தா பெரியவ விடுவாளா? அவ ஓடுற ஓட்டத்துக்கு யாராவது பின்னால ஓடணும். சின்னதைத் தோள்ல போட்டு நடந்தாத்தான் தூங்குதாம். மாப்பிள்ளை நடந்து நடந்து கால் வீங்கிக் கிடக்கிறாரு. உங்களை மாதிரி நடக்கிற ஆளுதான் அங்க வேணும்."

"படத்தையெல்லாம்?"

"கொண்டு வாங்க."

"விட்டுடுறேன்னு சொன்னேனே. தவளை உட்காரலை, அந்த வாக்கு செல்லாது. அங்க போயும் தேடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தேடுங்க. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தேடுங்க."

பூகோளம் பெட்டியிலிருந்து எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பெட்டியையே தூக்கிப் பார்த்தார். "இதுல கண்ணாடிச் சாமானா வச்சிருக்கே? அடியில பஞ்சு வைக்காம?" என்று கேட்டுக்கொண்டே ஒட்டுத்தாளைக் கிழித்தார். அதுதான் சம்மதம். அவளுக்குப் புரிந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தது.

கண்ணாடிக்காரர் கிளம்பும்போது தவளையைக் கேட்கவில்லை. "உங்க தவளை, அண்ணே" என்று பூகோளம் நீட்டினார்.

"வச்சிரு. என் பெட்டியில என்ன, ஒரு பள்ளம் கூடப் போகுது. அதை வாங்கிட்டுப் போக நான் அங்க வரணும்ல. ஒரு சாக்கு வேணாமா?" வாசலில் நின்று திரும்பினார். "யாராவது கேட்டா என்னுது முழுசா இருக்குன்னு சொல்லு."

"கிட்டத்தட்டன்னு சொல்றேன்."

வண்டி வந்த அன்றைக்கு ஊருக்கெல்லாம் ஏற்றி இறக்கியவரின் சாமானை ஏற்ற அவருடைய ஆட்களே வந்தார்கள். இவர் நடுவில் நின்று கத்திய கத்தலில் அவர்களுக்கு வேலையே ஓடவில்லை. "அண்ணே, நீங்க வாடிக்கைக்காரர் மாதிரி ஓரமா நில்லுங்க. வாடிக்கைக்காரங்கதான் இப்படித் தொந்தரவு பண்ணுவாங்க" என்றான் டிரைவர். வாசலில் குவியல் சேர்ந்தது. பூகோளம் பழக்கத்தில் அதைக் கிளறப் போனார். "அது நம்ம குவியல்தாங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

உலகப்படத்தைக் கலைக்க அவர் சம்மதிக்கவில்லை. பலகையோடு துணி சுற்றிக் கட்டி, வண்டியின் பின்பக்கம் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் படுக்கவைத்தார். தவளையைப் பள்ளத்தின் மேலேயே வைத்திருந்தார். மூடி சரியாக மூடாத ஜாடி மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கிடந்தது. முன்னால் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று அவரும் பின்னால் சாமானோடு ஏறிக்கொண்டார். அவரைத் தனியாக விட மனசில்லாமல் மனைவியும் ஏறினாள்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் துணி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். கட்டினார். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் மறுபடி அவிழ்த்தார்.

"உட்கார்ந்துதா?" என்றாள் அவள்.

"இல்லை."

"ஓடுற ஓட்டத்துல தானா உட்கார்ந்திடும். நீங்க இந்தப் பக்கம் சாய்ஞ்சுக்குங்க."

அவர் சாயவில்லை. துணிக்குள் கையை விட்டு, தவளையின் முதுகில், அந்தப் பல் தடத்தின் மேல், கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு குந்தியிருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது எழும்பப் பார்த்தது. அவர் அழுத்தினார். எதிரே தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், வழி நெடுக, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.